பிப்ரவரியில் கமோலி: அம்மா, இரண்டு குழந்தைகள், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை

மிலான்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வந்ததிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் மூடுபனியும் எதிர் வீட்டு பால்கனியும்தான். "இத்தாலியில் கடலே கிடையாதா?" என்று நேற்று கேட்டேவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி ஒரு கடலோர ஊர் வேண்டும். படங்களில் பார்ப்போமே, மஞ்சளும் ரோஜா நிறமும் செங்காவியுமாக வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர்கள், அப்படி ஒன்று. சிங்க்வே தெர்ரே, போர்ட்டோஃபினோ, கமோலி என்று மூன்று பெயர்களை நண்பர்கள் சொல்கிறார்கள். கார் கிடையாது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. அம்மாவுக்கு முழங்கால் வலி. சுத்த சைவம், முட்டைகூடச் சேர்க்க மாட்டார்.

கமோலியின் ரயில் நிலையத்துக்கு 'கமோலி–சான் ஃப்ருத்துவோசோ' என்று பெயர் போட்டிருக்கிறது. அந்தப் பெயருள்ள புகழ்பெற்ற மடாலயமும் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டாம்வகுப்பு:
எடுத்துக்கொள்ளவே கூடாது! சான் ஃப்ருத்துவோசோவுக்குச் சாலையே கிடையாது. மலையின் மறுபக்கத்தில் ஒரு சிறு குடாவுக்குள் ஒளிந்திருக்கிறது. படகில் போகலாம், இல்லாவிட்டால் மலையேறி இறங்கலாம். கடலோரப் பாதையில் பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இடங்கள் உண்டு. முழங்கால் வலிக்காரரோடு அதை நினைத்தே பார்க்காதீர்கள். குளிர்காலத்தில் படகு ஓட்டங்கள் குறைவு. அலை எழுந்தால் அதுவும் ரத்தாகும். படகு கிடைத்தால் லாபம் என்ற மனநிலையில் போங்கள். அதை நம்பி நாளைத் திட்டமிட வேண்டாம்.

மற்ற இரண்டையும் பற்றி: சிங்க்வே தெர்ரே மிலானிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம். போய் இறங்கினால் குளிர்காலத்தில் பாதிக் கடைகளில் 'சீசனில் திறப்போம்' என்ற அட்டை தொங்கும். போர்ட்டோஃபினோவுக்கு ரயிலே இல்லை. சாந்தா மார்கெரிதாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பிடித்துப் போனாலும் விலையுயர்ந்த கைப்பைக் கடைகளின் மூடிய கதவுகளைத்தான் பிப்ரவரியில் பார்த்துவிட்டு வரவேண்டும்.

கமோலிக்கு ஜெனோவாவில் மாறிப் போகலாம். இணைப்பு ரயில் ஒழுங்காகக் கிடைத்தால் மொத்தம் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். அதை விட்டால் டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். வட்டார ரயிலில் 4 வயது நிறையாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. உங்கள் மகன் 4 தாண்டிவிட்டதால் அரை டிக்கெட்.

கருப்புக்குடை:
நான் சொல்வது பலருக்குப் பிடிக்காது. ஐந்து மணி நேரத்தை ரயிலில் கழித்து, குளிக்க முடியாத கடலைப் பார்ப்பதற்கு ஒரு விடுமுறையைச் செலவழிப்பானேன்? மத்தியதரைக்கடல் என்றால் வெயில். பிப்ரவரியில் அந்தத் தண்ணீரில் கால் நனைத்தால் விறைத்துவிடும். கடற்கரையும் மணல் இல்லை, வெறும் கூழாங்கல். மே மாதம் மீன் திருவிழாவுக்குக் கூட்டிப் போங்கள். ஊர் ஊராக இருக்கும்.

பழைய மாலுமி:
தம்பி கருப்புக்குடை, மே மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அங்கே போனால் ஊர் எங்கே தெரியும்? முதுகுகள்தான் தெரியும். 1952-இல் தொடங்கிய விழா அது. சுமார் நான்கு மீட்டர் குறுக்களவுள்ள வாணலியைத் துறைமுகத்தில் ஏற்றி மீன் பொரித்துக் கொடுப்பார்கள். மீனவர்களின் காவலரான புனித ஃபொர்த்துனாத்தோவின் பெயரால் முந்தைய இரவு கடற்கரையில் சொக்கப்பனை மாதிரி நெருப்பு மூட்டுவார்கள். நல்ல விழாதான், மறுக்கவில்லை. முட்டையே சாப்பிடாத அம்மாவை மீன் பொரிக்கும் புகைக்குள் நிறுத்தச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஜெனோவாவில் கப்பல் கட்டிக் கிடக்கும்போதெல்லாம் ரயிலேறி கமோலிக்குப் போய்விடுவேன், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். மிலான்வாசி, உங்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் வெயில். ஊர் மேற்கு பார்த்தது. தெற்கே போர்ட்டோஃபினோ மலை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதனால் குளிர்காலக் காலையில் கரை நிழலில் கிடக்கும், குளிர் எலும்பைத் தொடும். விடியற்காலையில் எழுந்து குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை. பதினொன்றரை, பன்னிரண்டுக்குப் போய்ச் சேருங்கள். பிற்பகல் முழுக்க வெயில் நேராக அந்த வீட்டு முகப்புகளின்மேல் விழும். பிப்ரவரி நடுவில் ஆறு மணியை ஒட்டித்தான் சூரியன் மறையும், அதுவும் கடலுக்குள். டிசம்பரில் போயிருந்தால் ஐந்து மணிக்கு முன்பே இருட்டியிருக்கும்.

அடுத்தது ஊரின் கதை. இன்றைக்குப் பார்த்தால் சின்ன மீன்பிடித் துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'ஆயிரம் வெள்ளைப் பாய்மரங்களின் நகரம்' என்று இதற்குப் பெயர். நூற்றுக்கணக்கான பாய்மரக் கப்பல்கள் இந்த ஊர்க்காரர்களுக்குச் சொந்தம். அத்தனையும் இந்தத் துறைக்குள் அடங்காது. உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன, லாபம் மட்டும் இங்கே வந்தது. 1853-இலேயே கப்பல் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடித் தங்களுக்குள் ஒரு பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஒருவன் கப்பல் மூழ்கினால் மற்றவர்கள் பங்கு போட்டு ஈடுகட்டுவது. நீராவிக் கப்பல் வந்தது, பாய்மரம் போயிற்று. வீடுகள் நின்றன. எஞ்சின்காரன் நான் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மழை வந்தால் பொஸ்கெத்தோ என்ற மாதா கோவிலுக்குப் போங்கள். புயலில் தப்பிய மாலுமிகள் காணிக்கையாக வரைந்து மாட்டிய படங்கள் அங்கே நிறைய இருக்கின்றன. கருநீல அலை, சாய்ந்த கப்பல், கிழிந்த பாய், மேல்மூலையில் மேகத்துக்கு நடுவே மாதா. ஓவியம் என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் எந்தப் பாயை எப்போது இறக்கினார்கள் என்பதுவரை துல்லியமாக இருக்கும். கடலில் இருந்தவன் சொல்லி வரையப்பட்டவை. வேளாங்கண்ணிக்குப் போனவர்களுக்கு இந்த நேர்த்திக்கடன் வழக்கம் புதிதாக இருக்காது.

இன்னொன்றும் இருக்கிறது, துறைமுகத்து வலைகள். சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

கறிவேப்பிலை:
மிலான்வாசி அண்ணா, சாப்பாட்டுப் பிரிவை நான் எடுத்துக்கொள்கிறேன். சைவக் குடும்பத்தில் பிறந்து, கமோலி இருக்கும் லிகூரியா வட்டாரத்தில் வாழ்க்கைப்பட்டவள்.

அம்மாவுக்கு ஃபரினாத்தா. கடலைமாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் சுடுவார்கள். மேலே செந்நிறமாக மொறுமொறுப்பாக, உள்ளே குழைவாக இருக்கும். சூடாக வாங்கி மிளகுத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும். ஆறினால் அதில் ஒன்றும் இல்லை. பேக்கரியில் எல்லா நேரமும் கிடைக்காது, அடுத்த தட்டு எப்போது வெளியே வரும் என்று கேட்டுவிட்டு நில்லுங்கள்.

சாதாரண ஃபொக்காச்சா ரொட்டியும் சாப்பிடலாம், எடை போட்டு விற்பார்கள். சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. "ஸ்த்ருத்தோ இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆலிவ் எண்ணெய் மட்டும் போடும் கடைக்காரர் அதைக் கேட்டதும் சற்றுக் கோபப்படுவார். அந்தக் கோபமே நல்ல சான்றிதழ்.

அடுத்த ஊரான ரெக்கோவின் சீஸ் ஃபொக்காச்சாவைக் குழந்தைகள் விடமாட்டார்கள். புளிக்க வைக்காத மாவை அப்பளத்தைவிட மெல்லிதாக இழுத்து, இரண்டு தாள்களுக்கு நடுவே இளம் சீஸை அங்கங்கே வைத்துச் சுடுவது. 2015 முதல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு பெற்றது. ஆனால் சீஸ் விஷயத்தில் அம்மா கறாராக இருந்தால் வேண்டாம். பாலை உறைய வைப்பதில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் கலந்திருக்கும். பெஸ்தோ என்ற பசில் இலைச் சட்னியில் சேரும் பார்மிஜானோ சீஸுக்கும் இதே கதை. த்ரோஃபியே என்ற முறுக்கிய பாஸ்தா மாவும் தண்ணீரும் மட்டும்தான், முட்டை இல்லை. தக்காளிச் சாறில் கேட்டுப் பாருங்கள். பன்சோத்தி பக்கம் போகாதீர்கள், கீரை அடைத்தது என்று சொல்லி உள்ளே முட்டையும் சீஸும் இருக்கும்.

கமோலியேசி என்று சாக்லேட் பூசிய உருண்டை ஒன்று இந்த ஊர்ப் பெயரிலேயே விற்கிறது. உள்ளே இருப்பது ரம் கலந்த கிரீம். பையன் கண்ணில் பட்டால் அழுது வாங்கிவிடுவான், முன்கூட்டியே வேறு வழி யோசித்து வையுங்கள்.

உணவகங்கள் இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடிவிடும். ஜனவரி, பிப்ரவரியில் பலர் விடுமுறையில் போய்விடுவதும் உண்டு. எதற்கும் ஒரு டப்பா புளியோதரை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் கடற்கரையில் பாதி இடத்தைப் படுக்கை நாற்காலிக்காரர்கள் கட்டணம் வைத்துப் பிடித்திருப்பார்கள். குளிர்காலத்தில் எங்கே வேண்டுமானாலும் துண்டை விரிக்கலாம்.

ஜெனோவா அக்கா:
கிளம்பும் முன் வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வட்டார நிர்வாகம் வெளியிடும். ஆரஞ்சு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இந்தக் கரை பார்க்க அழகு, ஆனால் அடக்கமானதல்ல. 2018 அக்டோபர் இறுதிப் புயலில் போர்ட்டோஃபினோவுக்குப் போகும் ஒரே சாலையைக் கடல் அரித்துத் தள்ளிவிட்டது. கமோலியிலேயே 2021 பிப்ரவரியில் பாறைச் சரிவு ஏற்பட்டு, கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதி சுமார் 200 சவப்பெட்டிகளோடு கடலில் விழுந்தது. தென்மேற்குக் காற்று வீசும் நாளில் அலை உலாச்சாலை வரை ஏறி வரும். பையனின் கையை விடாதீர்கள்.

இன்னொன்று: காதலர் தினத்தை ஒட்டிய ஞாயிறைத் தவிருங்கள். அந்த வாரம் ஊரில் கொண்டாட்டம் உண்டு. அதற்கென உணவகங்களில் சாப்பிடுபவர்களுக்கு ஓவியம் தீட்டிய தட்டு தருவார்கள், அதைச் சேகரிப்பவர்கள் உணவகங்களை நிரப்பிவிடுவார்கள்.

கழிப்பறைக்கு எல்லோரும் செய்வதைச் செய்யுங்கள்: காபிக் கடையில் நின்றபடி ஒரு காபி குடித்துவிட்டுச் சாவி கேளுங்கள்.

மிலான்வாசி:
எல்லோருக்கும் மிக்க நன்றி. மகள் ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறாள்: கடலுக்கடியில் இயேசு சிலை இருக்கிறதாமே, கரையிலிருந்து தெரியுமா?

பழைய மாலுமி:
தெரியாது பாப்பா. அது சான் ஃப்ருத்துவோசோ குடாவில் 17 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிற்கும் வெண்கலச் சிலை, குய்தோ கல்லெத்தி என்ற சிற்பி செய்தது, 1954-இல் இறக்கினார்கள். மூச்சுக்கருவியோடு மூழ்கிய முதல் இத்தாலியர்களில் ஒருவர் அந்தப் பகுதியில் 1947-இல் இறந்துபோனார். அவர் நினைவாக அவருடைய நண்பர் எடுத்த முயற்சி. மாலுமிகளின் பதக்கங்கள், கப்பல் மணிகள் என்று மக்கள் கொடுத்ததையெல்லாம் உருக்கி வார்த்தார்கள். பெரியவளாகி முக்குளிக்கக் கற்றுக்கொண்டால் நேரிலேயே போய்ப் பார்க்கலாம்.

வலை விஷயம் பாக்கி. கமோலிக்கும் புந்தா கியாப்பா முனைக்கும் நடுவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடலில் ஒரு நிலைவலை கட்டுவார்கள். தொன்னரெல்லா என்று பெயர், சூரை மீன் போன்றவை அதற்குள் வந்து மாட்டும். அந்த வலை நைலான் அல்ல, தேங்காய் நார். குளிர்காலத்தில் மீனவர்கள் கையால் பின்னுகிறார்கள். சீசன் முடிந்ததும் அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவார்கள், மட்கிப்போகும். அடுத்த குளிர்காலத்தில் மறுபடி முதலிலிருந்து. கோடையில் போகிறவர் தண்ணீரில் மிதவைகளைத்தான் பார்ப்பார். வலையைக் கரையில் பார்க்க வேண்டுமானால் இப்போது போக வேண்டும்.

கருப்புக்குடை:
கயிறு பார்க்க இத்தாலிக்குப் போக வேண்டுமா ஐயா? ஊரில் கயிற்றுக் கடைக்குப் போனால் போதுமே.

சுண்ணாம்புச்சுவர்:
கயிற்றை விடுங்கள், சுவரைப் பாருங்கள். நான் பழைய கட்டடங்களின் சுவர்ப்பூச்சு வேலை செய்பவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதினால் மன்னியுங்கள்.

மீனவர்கள் கடலிலிருந்து தங்கள் வீட்டை அடையாளம் காணத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டில் ஒரு குடும்பமா இருந்தது? ஆறேழு மாடி, மாடிக்கு ஒரு குடும்பம். வீட்டின் பின்புறம் மேல்தெருவில் திறக்கிறது, முன்புறம் கடலோரத்தில். மேல்தெருவிலிருந்து நுழைந்தால் ஏற்கெனவே நடுமாடியில் நிற்பீர்கள். தன் ஊரின் துறையைத் தெரியாத மீனவனுக்கு நிறம் மட்டும் என்ன உதவி செய்துவிடும்?

என் கணக்கு எளிமையானது. சுண்ணாம்பில் கலந்தால் நிற்கும் நிறங்கள் மண் நிறங்கள்தான்: காவி, மஞ்சள் மண், செம்மண். உப்புக்காற்று சுவரைத் தின்னும், அடிக்கடி பூச வேண்டும், மலிவாக இருக்க வேண்டும். அதனால் இந்த நிறங்கள். இன்று இந்தக் கரையின் பழைய ஊர்களில் யாரும் நினைத்த நிறத்தை அடித்துவிட முடியாது, அனுமதி வாங்க வேண்டும்.

அதைவிட வேடிக்கை, ஜன்னல்கள். கமோலியில் பாதி அலங்காரம் வரைந்தது. கல் விளிம்பு, தூண், மேல்வளைவு, சில இடங்களில் ஜன்னலேகூட. ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்துவிட்டு மேலே வரைந்தார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வரிக்குப் பயந்தவன் ஜன்னலை மட்டும்தானே வரைய வேண்டும்? வரியே இல்லாத தூணையும் பூவேலையையும் எதற்கு வரைந்தான்? பளிங்குக்குப் பணமில்லை, ஆனால் ஜெனோவா மாளிகைகளைப் போல இருக்க ஆசை. ஓவியனைக் கூப்பிட்டார்கள். உள்ளே மாடிப்படி ஓடும் இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது, வெளியே வரிசை கெட்டுவிடும். அங்கேயும் ஓவியன்தான்.

குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு: எது நிஜ ஜன்னல், எது பொய் ஜன்னல்? பிற்பகலில் ஆடுங்கள். நிஜ விளிம்பின் நிழல் வெயிலோடு நகரும், வரைந்த நிழல் நகராது.

இரண்டாம்வகுப்பு:
ரெக்கோவில் ஏன் இப்படி வீடுகள் இல்லை என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே ஒரு ரயில் மேம்பாலம் இருக்கிறது. 1943 நவம்பரிலிருந்து நேச நாட்டு விமானங்கள் அதைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில் ஊரே தரைமட்டமானது. ஒரே ஒரு ரயில் நிறுத்த இடைவெளியில் கமோலி தப்பித்தது. ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே இரண்டையும் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

மிலான்வாசி:
போய்விட்டு வந்தோம். விவரம் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

வெயில் பற்றி மாலுமி ஐயா சொன்னது அப்படியே பலித்தது. நண்பகலில் இறங்கியபோது எல்லோரும் மேலங்கியை இறுக்கிக்கொண்டோம். ஒன்றரை மணிக்குக் கூழாங்கல் கரையில் அம்மா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நிலையத்திலிருந்து கடலுக்கு இறங்கும் படிகள்தான் அவருக்குச் சிரமம். கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று இறங்கினார். ஏறும்போது அதைவிட மெதுவாக. அதற்கென்று தனியாக அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

படகு இல்லை, அலை அதிகம் என்று அட்டை தொங்கியது. மகளுக்கு வருத்தம்தான். ஆனால் ஜன்னல் விளையாட்டு அவளைக் காப்பாற்றியது. மூன்றாம் மாடியில் பச்சை மரச்சட்டம் பாதி திறந்தாற்போல் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் சட்டங்களுக்குக் கீழே நிழல்கோடு வலப்பக்கம் விழுந்திருக்க, பக்கத்து ஜன்னலில் இடப்பக்கம் விழுந்திருந்தது. "அப்பா, அது பொய்!" என்று அவள் கத்திய கத்தலில் கீழே காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இன்னொன்றைத் தாங்களே விரலால் காட்டினார்கள். அதை நாங்கள் யாருமே கண்டுபிடித்திருக்க மாட்டோம்.

துறைமுகத்தில் வலை பின்னுபவர்கள் யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை அல்லவா. ஆனால் சுவரோரம் தார்ப்பாயில் பாதி மூடி ஒரு குவியல் கிடந்தது. அம்மா குனிந்து ஓர் இழையை இரண்டு விரலால் திரித்துப் பார்த்தார். "முறுக்கு போதாது. கிணற்றுக்கு ஆகாது" என்று தீர்ப்புச் சொன்னார். மட்கிப்போவதற்காகத்தான் இதில் பின்னுகிறார்கள் என்று சொன்னேன். "அப்படியானால் சரி" என்று மன்னித்துவிட்டார்.

ஃபரினாத்தா இரண்டாவது தட்டில்தான் கிடைத்தது. அம்மாவின் விமர்சனம்: பெருங்காயமும் பச்சை மிளகாயும் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனாலும் இன்னொரு துண்டு கேட்டார்.

கசப்பும் உண்டு. கடலோரத்தில் ஓர் உணவகத்தில் குழந்தைகளுக்காக உட்கார்ந்தோம். ஆளுக்கு ஆள் மேசைக் கட்டணம் போட்டார்கள், ஒன்றுமே சாப்பிடாத அம்மாவுக்கும் சேர்த்து. பாஸ்தா ஆறிப்போய் வந்தது. திரும்பும் ரயிலும் ஜெனோவாவில் இணைப்பைத் தவறவிடும் அளவுக்குத் தாமதம். வீடு வரும்போது பையன் என் தோளில் தூங்கிவிட்டான்.

கருப்புக்குடை:
படகு இல்லை, பாஸ்தா ஆறிவிட்டது, ரயில் தாமதம். நான் சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கறிவேப்பிலை:
இரண்டாவது துண்டு கேட்டார் என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படிக்கவில்லையா?

கருப்புக்குடை:
படித்தேன். மிலானிலும் கடலைமாவு கிடைக்கிறது.

பழைய மாலுமி:
கிணற்றுக்கு ஆகாது என்றாரா! அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். துறைமுகத்து ஆட்கள் கேட்டிருந்தால் அரை நாள் விவாதம் நடந்திருக்கும்.

சூரிச் சுந்தரி:
இந்த இழையைப் படித்துவிட்டு மார்ச்சில் போகலாம் என்று நினைக்கிறோம். எட்டு மாதக் குழந்தை, தள்ளுவண்டி. படிகளைப் படித்ததும் பயமாக இருக்கிறது. ஜெனோவாவில் இரவு தங்கி மறுநாள் போனால் எளிதாக இருக்குமா?

இரண்டாம்வகுப்பு:
இருக்கும். சூரிச்சிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்கவே வேண்டாம். ஜெனோவாவில் பிரிஞ்ஞோலே நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினால் அங்கிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் கமோலி. தள்ளுவண்டியை விடுதியிலேயே விட்டுவிட்டுத் தூக்குப்பையில் குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொள்ளுங்கள். போகும்போது ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம். நடு நடுவே குகைப்பாதைகள் வரும், திடீரென்று இருட்டும் இரைச்சலுமாக இருக்கும், குழந்தை திடுக்கிடக்கூடும்.

ஜெனோவா அக்கா:
மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அந்த வார இறுதியில் வருவதானால் திரும்பும் ரயில் நேரத்தை இரண்டு முறை பாருங்கள். வந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள் சுந்தரி, வெந்நீர், பால் காய்ச்ச ஏதாவது வேண்டுமென்றால் வீடு பக்கத்தில்தான்.